கல்யாண வீட்டில் கழற்றிய அலமாரி

திருப்பத் திருப்ப இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரூவைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று நேற்று உங்களில் ஒருவரிடம் கேட்டேன். "ஒரு சைஸ் பெருசா போட்டுடுவேன் சார்" என்று பளிச்சென்று பதில் வந்தது. பரவாயில்லை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் அதைத்தான் சொல்வோம். பெரிய ஸ்க்ரூ பையில் இல்லாவிட்டால், ஓட்டையில் தீக்குச்சியை ஒடித்துச் செருகிப் பசை விட்டு, பழையதையே முறுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கதவு மூடும், வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், நாமும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த ஸ்க்ரூ ஏன் சுற்றுகிறது என்று கொஞ்சம் யோசித்தால், சில சமயம் பஸ்ஸை விட வேண்டியிருக்கும். அப்படி நான் விட்ட ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரம்பலூரில் பலகையும் அலமாரிச் சாமான்களும் விற்கிற ஒரு கடையில் அப்போது நான் பிட்டிங் சூப்பர்வைசர். கடையில் வாங்கியவர்கள் வீட்டில் ஏதாவது கோளாறு என்றால் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தெற்கே திருமானூர், கிழக்கே வரதராஜன்பேட்டை, வடக்கே லப்பைக்குடிக்காடு என்று எல்லாத் திசையிலும் பஸ் கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். பார்ட்டிக்கிள் போர்டு அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. மரச்சில்லையும் தூளையும் பசையோடு கலந்து அழுத்திச் செய்த பலகை. மேலே பளபளவென்று ஒரு தாள். தேக்கு வாங்க முடியாதவர்களும் தேக்கு நிறத்தில் அலமாரி வைத்துக்கொள்ளலாம். ஊரே வாங்கியது.

அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த பலகை தோசை மாவு மாதிரிப் பொங்கியிருந்தது. "என்னாங்க இது, தண்ணி பட்டதும் ஊதிக்கிது? எங்க சரக்கு தண்ணி பட்டாத்தான் கெட்டியாவும்" என்றார். "அதுக்குத்தாங்க உங்க சரக்க செவுருக்கும் எங்க சரக்க உள்ளயும் வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார். ஆனால் விஷயம் அதுதான். ஈரம் ஏறினால் சில்லு ஒவ்வொன்றும் உப்பி, தன்னைப் பிடித்திருக்கிற பசையைத் தள்ளிப் பிய்த்துவிடும். பிறகு வெயில் வந்து காய்ந்தாலும் பிய்ந்த பிடி திரும்ப ஒட்டாது. கட்டை மரம் நனைந்து காய்ந்தால் ஓரளவு தேறிவிடும். நல்ல பிளைவுட்டும் தாக்குப்பிடிக்கும். பார்ட்டிக்கிள் போர்டு காய்ந்தபின் பார்வைக்கு மட்டும்தான் தேறும். ஸ்க்ரூவின் மரைக்குக் கவ்விக்கொள்ள உள்ளே ஒன்றும் இருக்காது. ஈரமாக இருக்கும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள். காய்ந்தபிறகுதான் ஏமாந்துபோகிறோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்கு வாருங்கள்.

சுபைதாம்மா வீட்டில் மகள் நஸீமாவுக்கு நிக்காஹ். இரண்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஹனீபா பாய் சவுதியில். லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு அவர் வர முடியாது என்பது முடிவாகிவிட்டிருந்தது. அதனால் அந்த அம்மா, பெண்ணுக்கு அம்மாவாகவும் அத்தாவாகவும் தானே நின்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். ஹாலில் ஒரு சுவர் முழுக்க, தலைக்கு மேல் உயரத்தில் வரிசையாகத் தொங்கும் அலமாரிப் பெட்டிகள். எங்கள் கடைப் பலகை. ஹனீபா பாய் போன லீவில் நின்று பார்த்துச் செய்தது. அதில் ஒரு கதவு சரிந்து, மூடாமல் நின்றது. அதற்காகத்தான் கடைக்குப் போன் வந்து, நான் போனேன்.

"வாங்க தம்பி. அந்தக் கதவு ஒண்ணுதான். பல்லு போன மாதிரி இளிச்சிக்கிட்டு நிக்கிது. சம்பந்தி வூட்டுக்காரவங்க வந்தா மொதல்ல அதுதான் கண்ணுல படும்" என்றார் சுபைதாம்மா.

ஸ்டூல் போட்டு ஏறினேன். கீல் ஸ்க்ரூவைத் திருப்பினால் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. விரலால் இழுத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், சாவதானமாக வெளியே வந்தது. மரைக்குள் மாவு. பக்கத்துப் பலகையின் அடி ஓரத்தை நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. ஆனால் ஈரம் துளிகூட இல்லை. சுவரும் புது பெயிண்டில் ஜம்மென்று இருந்தது.

"இந்தச் செவுத்துல எப்பவாவது தண்ணி கசிஞ்சிதாம்மா?"

"அது போன மழைக்கு. மாடி பாத்ரூம் குழா வெடிச்சி, செவுரு பூரா ஊறிப்போச்சி. குழாய மாத்தி, செவுத்தக் காயவுட்டு, இப்பத்தான் பெயிண்ட் அடிச்சோம். அதெல்லாம் சரியாப் போச்சி."

கதவை விட்டுவிட்டு, பெட்டி எதில் தொங்குகிறது என்று பார்த்தேன். பெட்டிகளைச் சுவரோடு பிடித்திருந்தது எல் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள். பட்டையின் ஒரு கால் சுவரில், இன்னொரு கால் பலகையில். சுவரில் இருந்த ஸ்க்ரூவை ஆட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. பலகையில் இருந்ததைத் தொட்டேன், லேசாக ஆடியது. அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது தெரியுமா? பெண்ணுக்குக் கொடுக்க வருடக்கணக்காகச் சேர்த்த பீங்கான் தட்டுகள், கண்ணாடிக் கிண்ணங்கள், கனமான குக்கர்கள். கீழே பாய் விரித்து நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நான் செய்தது சரி. "கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காருங்கம்மா, தூசி விழும்" என்று அவர்களை நகர்த்தினேன். பயமுறுத்தாமல் ஆளை நகர்த்தப் பழகுங்கள். விளக்கம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பிறகு சுபைதாம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"கல்யாணத்துக்கு ரெண்டு நா இருக்கயில வந்து செவுத்த வெறிச்சின்னு ஆக்கச் சொல்றீங்களா? அவரு வரத்தான் முடியல, அவரு செஞ்சி வச்சதாவது எல்லாரும் பாக்கட்டும்னு இருக்கேன்."

நான் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். சாமான்களை மட்டும் இறக்கிவிடுவோம், வெறும் பெட்டி சுவரிலேயே அழகுக்கு நிற்கட்டும், கல்யாணம் முடிந்ததும் வந்து கழற்றுகிறேன் என்றேன். அவரும் அரை மனதாக ஒத்துக்கொண்டார். பெண்கள் வரிசையாக நின்று தட்டுகளைக் கை மாற்றி இறக்கினார்கள். சரிந்த கதவைப் பசை விட்டுச் சும்மா மூடி வைத்தேன். எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

நடுவழி என்பது இரண்டு பக்கமும் சமாதானமாகப் போகிற ஏற்பாடு. மனிதர்களுக்கு நடுவே அது நல்லது. ஸ்க்ரூவுக்குச் சமாதானம் தெரியாது. இதை எனக்குப் புரியவைத்தது யார் தெரியுமா? அந்தக் கல்யாணத்துக்குப் பிரியாணி போட வந்த பண்டாரி.

நான் நிறுத்தத்தில் நிற்கும்போது ஒரு வேன் வந்து நின்றது. தேக்சா என்கிற பெரிய பிரியாணிப் பாத்திரங்கள், கரண்டி, மசாலா மூட்டைகளோடு பண்டாரியும் அவருடைய ஆட்களும். என் கையில் கருவிப் பையைப் பார்த்துவிட்டு, "கல்யாண வூட்டுலேருந்தா வர்றீங்க? ஹனீபா பாய் வூடு எந்தத் தெருங்க?" என்று கேட்டார்.

வழி சொன்னேன்.

"சாமான் வைக்க உள்ள எடம் இருக்குமா? மானம் வேற மூட்டம் போட்டிருக்கு. இந்த மசாலா, நெய் டின்னெல்லாம் நனையக் கூடாது."

"ஹால்ல ஒரே கூட்டம்ங்க. பெரிய பெரிய அலமாரி இருக்கு, ஆனா அத..." என்று நான் முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அலமாரி காலியா இருக்கா? அப்ப ஏத்திற வேண்டியதுதான்!"

"ஐயோ, அதுல ஒண்ணும் வைக்கக் கூடாதுங்க. வூட்டம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

பண்டாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னா தம்பி, நீங்க கல்யாண வூடே பாத்ததில்லையா? வூட்டம்மாகிட்ட நீங்க சொல்லியிருப்பீங்க. வர்ற சொந்தக்காரவங்க அத்தன பேருகிட்டயும் யாரு சொல்றது? கல்யாண வூட்டுல காலி எடம்னு ஒண்ணு இருந்தா அது காலியாவே இருந்துடுமா?"

வேன் கிளம்பிப் போய்விட்டது. என் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்று, "என்னா சார், ஏறலியா?" என்றார். நான் கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். பிறகு ஓடினேன் என்று சொல்வதுதான் சரி.

பலகையை நான் பார்த்திருந்தேன். ஸ்க்ரூவைப் பார்த்திருந்தேன். அந்த வீட்டில் அடுத்த இரண்டு நாள் என்ன நடக்கப்போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

ஹாலுக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். நான் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு பெட்டியில் தலையணைகள். இன்னொன்றில் யாரோ வெளியூர் உறவினரின் சூட்கேஸ்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. நடுப்பெட்டியில் அதிரசம் நிறைந்த பித்தளை அண்டா. அதை அங்கே ஏற்ற எத்தனை பேர் தூக்கினார்களோ! நேர் கீழே நான்கைந்து குழந்தைகள் உட்கார்ந்து சோழி உருட்டிக்கொண்டிருந்தன.

"புள்ளைங்களா, வாசல்ல வேன் வந்திருக்கு, பெரிய பெரிய தேக்சா எறக்குறாங்க பாருங்க!" என்று கத்தினேன். அத்தனையும் எழுந்து ஓடின.

சத்தம் கேட்டுச் சுபைதாம்மா வந்தார். "என்னா தம்பி, திரும்பி வந்துட்டீங்க?"

"கழட்டணும்மா. எல்லாப் பெட்டியையும். இப்பவே."

கூட்டம் சேர்ந்துவிட்டது. அவருடைய தம்பி கரீம் பாய், பெண்ணின் மாமு, வேகமாக முன்னால் வந்தார். "காலையில ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. வெளையாடுறீங்களா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. காலையில் ஒன்று சொல்லிவிட்டு மத்தியானம் வேறொன்று சொல்கிறவனை யார் நம்புவார்கள்? ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மட்டும் தப்பான முடிவைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். "காலையில நான் யோசிச்சது பத்தாதுங்க பாய்" என்றேன். வேறு நியாயம் எதுவும் சொல்லவில்லை.

அவர் நேராகப் போய் எங்கள் கடைக்குப் போன் போட்டு, பேசிவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார். முதலாளி.

"என்னய்யா பண்ற அங்க? கீல மாட்டிட்டு வான்னுதான் அனுப்புனேன்? கல்யாண வூட்டுல பெட்டியக் கழட்டுனா ஊரு பூரா நம்ம பலக மட்டம்னு பேசமாட்டானா? மாட்டிட்டு வாயப் பொத்திக்கிட்டு வந்து சேரு. கழட்டுனீன்னா கடப் பக்கம் வராத."

வீட்டில் அப்போது கைக்குழந்தை. கடைச் சம்பளம்தான் வருமானம். ஹாலில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி போனில் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் சுபைதாம்மா.

"கழட்ட வேணாங்கறாரும்மா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"கழட்டணும்."

அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "அவரு இந்தச் செவுத்தப் பாத்தாரா?"

"இல்லம்மா."

"அப்ப போன வைங்க" என்றார். தம்பி பக்கம் திரும்பி, "கரீமு, ஸ்டூல எடுத்தா" என்றார்.

பந்தல்காரர்களிடமிருந்து சவுக்குக் கட்டைகள் வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் முட்டுக் கொடுத்தேன். முட்டுக் கொடுக்காமல் எதையும் கழற்றக் கூடாது. இதை நீங்கள் தூக்கத்திலும் மறக்கக் கூடாது. ஓரத்துப் பெட்டிகள் சாதுவாக இறங்கின. நடுப்பெட்டியில் அண்டாவை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. கரீம் பாயும் பண்டாரியின் ஆள் ஒருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து அண்டாவை விளிம்புவரை இழுத்தார்கள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். பட்டையின் கால் பலகையை விட்டுக் கழன்றது. பெட்டி முன்பக்கம் சரிந்து, சவுக்குக் கட்டைமேல் 'ணங்' என்று உட்கார்ந்தது. அண்டா கரீம் பாயின் மார்போடு வந்து சேர்ந்தது. அவர் தள்ளாடி, சமாளித்து, அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதிரசம் இரண்டு உருண்டு போனது. வேறு சேதம் இல்லை.

ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் மாவு ஒழுகித் தரையில் குவிந்தது. கல்யாணப் பெண் நஸீமா வந்து குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்து, "சத்துமாவாட்டம் இருக்குமா" என்றாள். முதலில் சிரித்தது கரீம் பாய்தான், அண்டாவை இறக்கி வைக்காமலே.

பெட்டிகள் போனபின் சுவர் பார்க்கச் சகிக்கவில்லை. புது பெயிண்டுக்கு நடுவில் பழுப்புக் கட்டம் கட்டமாகக் கறை. சுபைதாம்மா உள்ளே போய், ஹனீபா பாய் கொண்டுவந்திருந்த சவுதிக் கம்பளியை எடுத்து வந்தார். பெரியது, சிவப்பு, நடுவில் வாயைப் பிளந்த புலி. "நிக்காஹ் வூட்டுல புலிப் படமா?" என்று கரீம் பாய் ஆட்சேபித்தார். "அப்ப புலியச் செவுத்துப் பக்கம் திருப்பி மாட்டு" என்றார் அக்கா. அப்படியே மாட்டினார்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். வராதே என்று சொன்ன கடைக்கு எப்படிப் போவது என்று கேட்பீர்கள். வேலை போனால் போனது, ஆனால் ஏன் போனது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? நடுப்பெட்டிப் பலகையில் ஒரு துண்டை ஒடித்துக் கொண்டுபோயிருந்தேன். முதலாளி திட்டுவதற்கு வாயைத் திறந்தார். நான் துண்டை மேசைமேல் வைத்தேன். கையில் எடுத்துப் பிசைந்தார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கையில் ஒட்டிய தூளை ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "அது கீழ ஆளு இருந்துச்சா?" என்றார். "கொழந்தைங்க இருந்துச்சுங்க" என்றேன். "டீ குடிச்சியா?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கல்யாணத்துக்கு அவரும் வந்திருந்தார். பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சாமர்த்தியக் கதைதான். எனக்கு உண்மையில் கஷ்டமான முடிவு சில மாதம் கழித்து வந்தது.

ஹனீபா பாய் லீவில் வந்தார். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். கல்யாண வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார் போல. "அந்தக் கம்பளி நல்லாத்தான் இருந்துச்சி" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, நல்ல பிளைவுட்லயே அதே மாதிரி அலமாரி போட்டுடுங்க. நான் திரும்பிப் போறதுக்குள்ள முடிச்சிடணும். நான் இருந்து பாக்கணும்."

சுவரில் கையை வைத்தேன். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஜில்லிப்பு இருந்தது. குழாயை மாற்றியபோது வைத்த புதுப் பூச்சும், அதன்மேல் முழுசாகக் காயுமுன் அடித்த பெயிண்டும் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டிருந்தன. அந்தச் சுவரில் எந்தப் பலகையைச் சாய்த்து மாட்டினாலும் மெல்ல மெல்லக் குடித்துவிடும், இரும்பும் துருப்பிடிக்கும்.

கோபமாகப் பேசுகிறவரிடம் முடியாது என்று சொல்வது சுலபம். நமக்கும் கொஞ்சம் கோபம் வந்துவிடும், அது தைரியமாக நிற்கும். கரீம் பாயிடமும் முதலாளியிடமும் நான் நின்றது அப்படித்தான். ஆசையாகக் கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கோபம் உதவிக்கு வராது.

"பெயிண்ட சொரண்டிட்டு ஒரு கோடை முழுக்க செவுரு காயணும் பாய். இப்ப மாட்டுனா மறுபடியும் இதே கததான்."

"நான் அதுக்குள்ள போயிடுவேனே, தம்பி."

"தெரியுது பாய்."

அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தானும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "ஆமா, ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார். பிறகு என்னைச் சாப்பிட உட்காரச் சொன்னார். லீவு முடிந்து அவர் போனபோது அந்தச் சுவர் மொட்டையாகத்தான் இருந்தது.

சித்திரை நடுவில் சுபைதாம்மா கடைக்குப் போன் செய்தார். "செவுரு காஞ்சிருச்சி தம்பி, வாங்க." போனேன். அடித்த வெயிலில் சுவர் மேலே அடுப்பு மாதிரிச் சுட்டது. அடியில், தரையை ஒட்டி, சுத்தியலால் கொஞ்சம் பூச்சை உதிர்த்து உள்ளே விரலை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னும் ஒரு மாசம் போகட்டும்மா."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நேத்து ராத்திரி அவரு போன் பண்ணாரு. காஞ்சிருச்சி, தம்பியக் கூப்புடப் போறேன்னேன். 'கூப்புடு, ஆனா அவரு இன்னும் ஒரு மாசம் போகட்டும்னுதான் சொல்லப்போறாரு'ன்னு சொல்லிட்டாரு. நானும் தெரிஞ்சேதான் கூப்புட்டேன். வாங்க, வந்ததுக்கு மோராவது குடிச்சிட்டுப் போங்க."